மின்சாரச் சிக்கனம்: அளந்த பிறகு எழுதுவோம்



சென்ற தவணையில் உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு, ‘வீட்டில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி?’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். இருபத்தொரு தாள்கள் வந்தன. திருத்த உட்கார்ந்தபோது ஒரே தாளைத் திரும்பத் திரும்பப் படிப்பது போலிருந்தது. அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்க வேண்டும். கைத்தொலைபேசி மின்னூட்டியைக் கழற்றி வைக்க வேண்டும். சிறு துளி பெரு வெள்ளம். முடிந்தது கட்டுரை.

பிழை என்று வட்டமிட எதுவும் இல்லை. ஆனால் இருபத்தொரு தாளிலும் ஓர் எண்கூட இல்லை. எதை அணைத்தால் எவ்வளவு மிச்சம் என்று யாருமே எழுதவில்லை. எழுதவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கற்றுக் கொடுக்கவில்லையே!

அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி. ஒரு மாணவனிடம், “உங்கள் வீட்டில் மின்கட்டணத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?” என்று கேட்டேன். குளிரூட்டியை 25 டிகிரியில் வைப்போம் என்ற வழக்கமான பதிலை எதிர்பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்:

“எங்க வீட்டுல ஏர்கான் இல்ல டீச்சர். ஹீட்டரும் இல்ல. லைட்டு, ஃபேன் எல்லாம் அம்மா பாத்துப் பாத்து அடைச்சிடுவாங்க. ஆனா பில்லு மட்டும் கூடுது. நாங்க இன்னும் எதைக் குறைக்கிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை என் வீட்டு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, சாதனங்களின் பின்புறம் ஒட்டியிருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்கும் அதே விதிதான். எது எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். அளந்த பிறகு, எங்கே குறைப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

வாட், மணி, அலகு

பில்லில் நாம் பணம் கட்டுவது ‘அலகு’ கணக்கில். பேச்சில் ‘யூனிட்’ என்போம். அறிவியல் பாடத்தில் இதற்குப் பெயர் கிலோவாட் மணி. ஆயிரம் வாட் சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு செலவாகும். நூறு வாட் சாதனம் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஓர் அலகுதான்.

சூத்திரம் இவ்வளவே:

வாட் × மணி ÷ 1000 = அலகு
அலகு × விகிதம் = பணம்

வாட் என்பது வண்டியின் வேகம் போல. அலகு என்பது ஓடிய தூரம் போல. வேகமான வண்டி கொஞ்ச நேரமே ஓடினால் தூரம் குறைவு. மெதுவான வண்டி இரவு பகலாக ஓடினால் தூரம் அதிகம். ஓர் எடுத்துக்காட்டு. 2000 வாட் மின்கெண்டியில் நான்கு நிமிடம் தண்ணீர் கொதிக்க வைத்தால் செலவு சுமார் 4 காசு. மூலையில் சத்தமில்லாமல் 24 மணி நேரமும் எரியும் 10 வாட் இணைய ரவுட்டருக்கு ஒரு நாள் செலவு 7 காசு. பெரிய வாட்டைக் கண்டு பயப்படுகிறோம். நீண்ட நேரத்தைக் கவனிக்க மறந்துவிடுகிறோம்.

விகிதம் என்ன? சிங்கப்பூரில் முறைப்படுத்தப்பட்ட மின்கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படுகிறது. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. எனவே உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறினால் தோ பாயோவில் இருக்கும் வீட்டின் பில்லும் ஏறும். வீட்டில் யாரும் கூடுதலாக எதையும் பயன்படுத்தாமலேயே பில் கூடுவதற்கு இது ஒரு காரணம். கணக்கு எளிதாக இருக்க, பொருள் சேவை வரியையும் சேர்த்து ஓர் அலகுக்கு 30 காசு என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் வேறு விகிதம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டின் கணக்கு

கீழே உள்ளவை பல வீடுகளில் காணப்படும் அளவுகள். சாதனத்தின் வகையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். மாதம் என்பதை 30 நாளாகக் கொண்டிருக்கிறேன்.

• 10 வாட் எல்இடி விளக்கு, நாளுக்கு 5 மணி நேரம்: மாதம் 45 காசு
• 750 வாட் மிக்ஸி, நாளுக்கு 5 நிமிடம்: மாதம் 56 காசு
• 200 வாட் மாவாட்டும் கிரைண்டர், வாரம் ஒருமுறை 45 நிமிடம்: மாதம் 19 காசு
• இணைய ரவுட்டர், நாள் முழுதும்: மாதம் 2 வெள்ளி 16 காசு
• 700 வாட் ரைஸ் குக்கர், நாளுக்கு அரை மணி நேரம்: மாதம் 3 வெள்ளி 15 காசு
• 60 வாட் கூரை மின்விசிறி, நாளுக்கு 8 மணி நேரம்: மாதம் 4 வெள்ளி 32 காசு
• நாளுக்கு ஓர் அலகு எடுக்கும் குளிர்பதனப் பெட்டி: மாதம் 9 வெள்ளி
• 3300 வாட் உடனடி நீர்ச்சூடேற்றி, நால்வர் தலா 10 நிமிடம்: மாதம் 19 வெள்ளி 80 காசு
• படுக்கையறைக் குளிரூட்டி, சராசரியாக 600 வாட் என்று கொண்டால், இரவு 8 மணி நேரம்: மாதம் 43 வெள்ளி 20 காசு

பட்டியலை வகுப்பில் வெண்பலகையில் எழுதியபோது, முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்து மாணவர்கள் கொஞ்சம் திகைத்துப் போனார்கள். ஒரு விளக்கை ஒரு மாதம் எரியவே விடாமல் வைத்திருந்தாலும் மிச்சம் 45 காசு. குளிரூட்டியை இரவில் ஒரே ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தினால் மாதம் 18 அலகு, அதாவது 5 வெள்ளி 40 காசு மிச்சம். ஒரு மணி நேரக் குளிரூட்டி, அறுபது மணி நேர விளக்குக்குச் சமம்.

‘அப்போ லைட்ட அடைக்க வேணாமா டீச்சர்?’ என்று ஒருத்தி கேட்டாள். அடைக்கத்தான் வேண்டும். ஆளில்லாத அறையில் விளக்கு எதற்கு? ஆனால் விளக்கை அணைத்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் ஏமாந்துபோகிறோம். சிறு துளி பெரு வெள்ளம் உண்மைதான். திறந்து கிடக்கும் குழாயை விட்டுவிட்டுத் துளியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

பெரிய மூன்று

தேசியச் சுற்றுப்புற வாரியம் 2017-இல் நடத்திய வீட்டு எரிசக்தி ஆய்வின்படி, சிங்கப்பூர் வீடுகளின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைக் குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி, நீர்ச்சூடேற்றி ஆகிய மூன்றும் சேர்ந்து எடுத்துக்கொள்கின்றன. குளிரூட்டி மட்டுமே ஏறத்தாழ கால் பங்கு. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: வெப்பத்தை உண்டாக்குவது அல்லது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடத்துவது. ஒளிக்கும் ஒலிக்கும் ஆகும் செலவு கொஞ்சம்; சூடாக்கவும் குளிராக்கவும் ஆகும் செலவு அதிகம். மாணவர்களே, இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் பட்டியல் இல்லாமலேயே எந்தச் சாதனத்தையும் எடை போடலாம்.

குளிரூட்டி. இது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும் இயந்திரம். வெளியே 31 டிகிரி இருக்கும்போது உள்ளே 25 டிகிரி வேண்டுமென்றால் வேலை குறைவு. 20 டிகிரி வேண்டுமென்றால் வேலை அதிகம். வெப்பநிலையை 25 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியையும் சுழலவிட்டால், காற்றோட்டத்தால் உடம்புக்கு இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். மின்விசிறிக்கு ஆவது குளிரூட்டியின் செலவில் பத்தில் ஒரு பங்கு. விடியற்காலையில் தானாக நிற்கும்படி நேரம் வைத்துவிடுங்கள். வடிகட்டியில் தூசு அடைத்தால் காற்று வராது, இயந்திரம் அதிக நேரம் ஓடும். அதைக் கழற்றிக் கழுவுவது பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை.

நீர்ச்சூடேற்றி. 3300 வாட் சூடேற்றியில் குளிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒன்றரைக் காசுக்கு மேல் செலவாகிறது. கேட்க அற்பமாக இருக்கும். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு மூன்று நிமிடம் குறைத்தால் மாதம் ஏறத்தாழ 6 வெள்ளி. தண்ணீர்க் கட்டணத்திலும் மிச்சம் கிடைக்கும்.

குளிர்பதனப் பெட்டி. இதன் வாட் குறைவுதான். ஆனால் ஆண்டு முழுதும் ஓய்வே இல்லை. கதவின் ரப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் குளிர் கசியும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் விளிம்பைச் சரிபார்க்க வேண்டும். சூடான குழம்பை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். ஆனால் ஆறிய பிறகும் வெகுநேரம் வெளியே விட்டுவிடாதீர்கள். பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் வெப்பம் வெளியேற இடைவெளி வேண்டும். நம் வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதுப்பெட்டி வாங்கிய பிறகு பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல், ‘தீபாவளிக்கு ஆகும்’ என்று சமையலறை ஓரத்தில் ஓடவிடுவோம். அந்தப் பழைய பெட்டி நாளுக்கு ஒன்றரை அலகு எடுத்தால் மாதம் 13 வெள்ளி 50 காசு. தீபாவளி ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது.

வீட்டில் நடக்கும் மூன்று வாக்குவாதங்கள்

“ஹீட்டர் சுவிட்ச அடைச்சியா இல்லையா?” இந்தக் கேள்வி கேட்காத வீடு குறைவு. பதில் சூடேற்றியின் வகையைப் பொறுத்தது. சிறிய பெட்டி போல் குளியலறைச் சுவரில் இருக்கும் உடனடிச் சூடேற்றி, தண்ணீர் ஓடும்போது மட்டும்தான் சூடாக்கும். சுவிட்ச் போட்டபடி இருந்தாலும் தண்ணீர் ஓடாதபோது செலவு இல்லை என்றே சொல்லலாம். பாதுகாப்புக்காக அணைப்பது நல்லது. கூரைக்கு மேல் தொட்டி உள்ள சேமிப்புச் சூடேற்றி அப்படியல்ல. தொட்டித் தண்ணீர் ஆற ஆற மறுபடியும் மறுபடியும் சூடாக்கிக்கொண்டே இருக்கும். இதைக் குளிப்பதற்குச் சற்று முன்பு போட்டு, குளித்ததும் அணைக்க வேண்டும். ஆகவே அம்மாவின் கோபம் நியாயமா என்று தெரிந்துகொள்ள முதலில் கூரையைப் பாருங்கள்!

“18-ல வை, சீக்கிரம் குளிரட்டும்.” நாம் அமுக்கும் எண், இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான கட்டளை. 18 வைத்தால் 25-ஐத் தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும். நடு இரவில் குளிர் தாங்காமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வோம். குளிருக்கு ஒரு செலவு, அந்தக் குளிரைத் தாங்கப் போர்வை!

“சார்ஜரைக் கழட்டு.” எதையும் இணைக்காமல் வெறுமனே செருகிக் கிடக்கும் இக்காலத்து மின்னூட்டி மாதம் முழுதும் இழுப்பது பத்துக் காசுக்கும் குறைவு. கழற்றுவது நல்ல பழக்கமே. ஆனால் கட்டுரையில் இதை முதல் கருத்தாக எழுதாதீர்கள். காத்திருப்பு நிலையில் அதிகம் இழுப்பவை தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் பெட்டிகளும் விளையாட்டுக் கருவிகளும்தான். கையால் தொட்டால் கதகதப்பாக இருக்கும் பெட்டி மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

துணி உலர்த்துவதையும் இங்கே சேர்க்கலாம். உலர்த்தும் இயந்திரம் ஒரு சுமைக்கு மூன்று அலகு எடுத்தால் 90 காசு. சன்னலுக்கு வெளியே கழியில் காயப்போட்டால் செலவே இல்லை. மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

டிக் குறிகளை எப்படிப் படிப்பது?

கடையில் குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி முதலியவற்றின்மீது ஒட்டியிருக்கும் எரிசக்தி முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் இவ்விரண்டுக்கும் அது 2008 முதல் கட்டாயம். அதிகபட்சம் ஐந்து டிக். டிக் கூடக் கூடச் சிக்கனம் கூடும். ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிக் என்பது அதே வகையில், அதன் அளவுக்கு எவ்வளவு சிக்கனம் என்றே காட்டுகிறது. மிகப் பெரிய பெட்டி கூடுதல் டிக் பெற்றிருந்தும், குறைந்த டிக் பெற்ற சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் எடுக்கலாம். எனவே டிக்கோடு நிறுத்திவிடாமல், ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி என்று போட்டிருக்கும் எண்ணையும் படியுங்கள்.

ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 400 அலகு, இன்னொன்றுக்கு 280 அலகு என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 120 அலகு, ஆண்டுக்கு 36 வெள்ளி. பத்தாண்டு பயன்படுத்தினால் 360 வெள்ளி. கடையில் நூறு வெள்ளி மலிவு என்று வாங்கும் பெட்டி, பத்தாண்டில் அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

பில் குறையவில்லையே?

இந்தக் கணக்குகளைக் கற்றுக் கொடுத்த பிறகு, விருப்பமுள்ள மாணவர்கள் சிலர் ஒரு மாதம் வீட்டில் முயன்று பார்த்தார்கள். மாதக் கடைசியில் ஒரு மாணவி வந்து, “ஒரு மாசமா சீக்கிரம் ஏர்கான நிறுத்தினோம். பில்லு அப்படியே இருக்கு. நீங்க சொன்ன கணக்கு தப்பு டீச்சர்” என்றாள். முகத்தில் நல்ல ஏமாற்றம்.

பில்லைப் பார்த்தோம். அந்த மாத அளவு மதிப்பீடு என்று குறிக்கப்பட்டிருந்தது. பழைய வகை மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மீட்டர் படிக்கப்படுகிறது. இடைப்பட்ட மாதத்துக்கு, முன்பு பயன்படுத்திய அளவை வைத்து மதிப்பிட்டுப் போடுகிறார்கள். உண்மையான அளவு அடுத்த பில்லில் தெரியும். வேறுபாடு அதில் சரிசெய்யப்படும். அவள் பொறுத்திருந்தாள். அடுத்த பில்லில் குறைந்தது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, பணத்தைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். விகிதம் மாறினால் பணம் மாறும்; நம் பழக்கம் மாறியதா என்பதை அலகுதான் சொல்லும். இரண்டு, பில்லுக்காகக் காத்திருக்காமல் மீட்டரை நாமே படிக்கலாம். ஞாயிறு இரவு ஓர் எண், அடுத்த ஞாயிறு இரவு ஓர் எண். கழித்தால் வாரக் கணக்கு வந்துவிடும்.

குளிரூட்டி இல்லாத வீடு

இப்போது அந்த மாணவனுக்கு வருகிறேன். மற்ற பிள்ளைகள் போன பிறகு அவனோடு உட்கார்ந்தேன். “வீட்டுல ராத்திரி பகல் எல்லா நேரமும் ஓடுறது என்னென்ன? அத மட்டும் சொல்லு” என்றேன். அவன் விரல் விட்டு எண்ணினான். உறவினர் கொடுத்த பழைய குளிர்பதனப் பெட்டி. பாட்டிக்காக ஒரு மின்விசிறி. பிறகு, “தெர்மோ பாட்டு. பாட்டிக்கு எப்பவும் வெந்நீர் வேணும் டீச்சர்” என்றான்.

அதுதான் நாங்கள் தேடியது. தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும் அந்தப் பானை சராசரியாக 40 வாட் இழுத்தால், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் அலகு. மாதம் 8 வெள்ளி 64 காசு. அவன் வீட்டு விளக்குகள் எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. காலையும் மாலையும் கொதிக்க வைத்து, சாதாரணப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தார்கள். பாட்டிக்கு வெந்நீர் குறையவில்லை.

அடுத்தது குளிர்பதனப் பெட்டி. பழையதை மாற்றப் பணம் வேண்டுமே? அரசாங்கம் 2024 ஏப்ரலில், தகுதியுள்ள வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு வழங்கத் தொடங்கியது. 2025-இல் மேலும் 100 வெள்ளி சேர்த்தது. மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும் சாதனங்களை, பங்கேற்கும் கடைகளில் இதைக்கொண்டு வாங்கலாம். 2027 டிசம்பர் இறுதிவரை செல்லும். சிங்பாஸ் வழியாக இணையத்தில் பெற வேண்டும். அவன் அம்மா அதைப் பெறவே இல்லை. செய்தி வந்தபோது என்னவென்று புரியாமல் விட்டுவிட்டாராம். அவன் அம்மாவோடு உட்கார்ந்து பெற்றுக் கொடுத்தான்.

இது தவிர, தகுதியுள்ள வீவக வீடுகளுக்கு ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில், யூ-சேவ் தள்ளுபடி நேரடியாகப் பயனீட்டுக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. சிறிய வீடுகளுக்குத் தொகை அதிகம். அப்படியும் பில் கட்ட முடியாத நிலை வந்தால், நிலுவை பெருகும்வரை காத்திருக்காமல் தவணை கேட்கலாம். வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்தை நாடலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று மாணவர்களிடம் சொல்லுங்கள்.

பாட்டியின் மின்விசிறியை நாங்கள் தொடவில்லை. மாதம் 60 வாட்டுக்கு 24 மணி நேரக் கணக்கில் 13 வெள்ளி வருகிறது என்பது உண்மை. புழுக்கத்தில் படுத்திருக்கும் வயதானவருக்கு அது தேவை. வீண் செலவு ஆகாது. இயலும்போது 30 வாட் அளவில் ஓடும் டிசி மின்விசிறிக்கு மாறினால் செலவு பாதியாகும். அதுவரை அது சுழலட்டும். தேவையை வெட்டுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்கக் கூடாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை நடத்தும்போது, வீட்டு பில்லைக் கொண்டுவரச் சொல்லி எல்லார் முன்னும் ஒப்பிடாதீர்கள். வீட்டின் அளவும் நிலுவையும் அதில் தெரிந்துவிடும். பெயர், முகவரி நீக்கிய மாதிரி பில் ஒன்றை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். சாதனப் பட்டியலைக் குழுவாகப் பிரித்துக் கணக்கிடச் சொன்னால் ஒரு பாடவேளை போதும்.

தேர்வில் எப்படி எழுதுவது?

கட்டுரையில் ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று வேண்டும்: செயல், அளவு, காரணம்.

முன்பு எழுதியது: ‘குளிரூட்டியைக் குறைவாகப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும்.’

இனி எழுதலாம்: ‘விடியற்காலை நேரத்தில் வெளிக்காற்றே குளிர்ச்சியாக இருப்பதால், குளிரூட்டியை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பயன்படுத்தலாம். இதனால் ஓர் அறைக்கு மாதம் ஏறத்தாழ 16 அலகு மிச்சமாகும்.’

16 எப்படி வந்தது? மிச்சமான 18 அலகிலிருந்து மின்விசிறிக்கு ஆகும் 1.8 அலகைக் கழித்துவிட்டேன். இப்படிக் கழித்து எழுதும் மாணவர் உண்மையிலேயே யோசித்திருக்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரியும்.

வாய்மொழித் தேர்வின் உரையாடலில் நல்ல பேச்சுத்தமிழே போதும். “எங்க வீட்டுல நாலு பேரு. ஆளுக்கு மூணு நிமிஷம் குளிக்கிற நேரத்தக் குறைச்சோம். மாசம் ஆறு வெள்ளி கிட்ட மிச்சமாச்சு. ஆரம்பத்துல தம்பி ஒத்துக்கல. அப்புறம் அவனே கடிகாரத்தப் பாத்துக் குளிக்க ஆரம்பிச்சிட்டான்” என்று சொல்லலாம். மனப்பாடம் செய்த வரிகளைவிட இது உயிரோடு இருக்கிறது. ஆனால் நடக்காததை நடந்ததாகச் சொல்ல வேண்டாம். அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்!

சொற்களிலும் கவனம் வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் ‘லைட்ட அடை’, ‘ஃபேன தொற’ என்கிறோம். பேச்சில் தவறில்லை. கட்டுரையில் கதவைத்தான் அடைப்போம், திறப்போம். விளக்கை ஏற்றுவோம் அல்லது போடுவோம், அணைப்போம். மின்விசிறியையும் குளிரூட்டியையும் இயக்குவோம், நிறுத்துவோம். ‘கரண்டு பில்லு’ எழுத்தில் மின்கட்டணம் ஆகும். ‘சார்ஜர்’ மின்னூட்டி. ‘ஹீட்டர்’ நீர்ச்சூடேற்றி. ‘சிக்கனம்’ என்பது தேவைக்கு ஏற்றபடி செலவிடுவது. ‘கஞ்சத்தனம்’ என்பது தேவைக்கும் செலவிடாமல் இருப்பது. இந்த இரண்டு சொற்களையும் மாற்றி எழுதும் பிழையை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

சுற்றுப்புறத்தைப் பற்றி ஒரு வரி எழுத விரும்பினால் அதற்கும் எண் உண்டு. நம் நாட்டில் ஓர் அலகு மின்சாரம் தயாரிக்கும்போது ஏறத்தாழ 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. மேலே சொன்ன 16 அலகை இதனால் பெருக்கிப் பாருங்கள். மாதம் ஆறு கிலோவுக்கு மேல்.

அந்த மாணவனுக்கு அதே தலைப்பை மறுபடியும் எழுதக் கொடுத்தேன். முதல் பத்தியிலேயே வெந்நீர்ப் பானை வந்தது, 40 வாட் வந்தது, பாட்டி வந்தார். ‘சிறு துளி பெரு வெள்ளம்’ வரவில்லை. தாளின் ஓரத்தில் பெருக்கல் கணக்கு ஒன்று பென்சிலில் இருந்தது; அதை அழிக்கச் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று இரவு உங்கள் வீட்டில் எந்தச் சாதனம் நாள் முழுதும் ஓடுகிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நாளை வகுப்பில் பேசுங்கள்.